மருந்தை எதிர்க்கும் திறன் பெறுவது உடம்பன்று, பாக்டீரியா

அறுவைச் சிகிச்சைக்காகக் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் செல்லவிருக்கும் பெரியவரைப் பற்றிய இந்த உரையாடலில், ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு உடம்புதான் பழகிவிடுகிறது என்றும், அவற்றை உண்ணாதவர் மருத்துவமனைத் தொற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்றும் ஒரு கருத்து பகிரப்பட்டு வருகிறது. பணிவுடன் திருத்துகிறேன்: மருந்தை எதிர்க்கும் திறனைப் பெறுவது பாக்டீரியாவே. அத்திறன் பெற்ற கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் கழுவாத கைகள், சிறுநீரை வெளியேற்றச் செருகும் குழாய், செயற்கைச் சுவாசக் கருவி ஆகியவற்றின் வழியே, வாழ்நாளில் ஒரு மாத்திரைகூட விழுங்காதவரையும், ஏன், பிறந்த குழந்தையையும்கூடத் தொற்றக்கூடும். மாத்திரையைத் தேவையின்றி உண்ணலாகாது என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

வீட்டில் பழைய கல்ச்சர் பரிசோதனை அறிக்கை இருந்தால் எடுத்துப் பாருங்கள். கிருமி வளர்ந்திருந்தால் அதன் பெயரும், ஒவ்வொரு மருந்துக்கும் நேராக ‘எஸ்’ அல்லது ‘ஆர்’ போன்ற எழுத்தும் இருக்கும். சிறுநீரிலிருந்தோ சளியிலிருந்தோ எடுத்து ஆய்வகத்தில் வளர்த்த அந்தக் கிருமி மருந்துக்குக் கட்டுப்பட்டதா (எஸ்), எதிர்த்து நின்றதா (ஆர்) என்பதை அவ்வெழுத்து சொல்கிறதே தவிர, நோயாளியின் உடம்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மருந்து எதிர்ப்பைப் பற்றி வெளியிடும் ஆண்டறிக்கையும் கிருமி வாரியாகவே கணக்கைத் தருகிறது. அதை அதன் இணையதளத்தில் எவரும் படிக்கலாம்.