பிஸ்டலுக்கு .22 கன்வர்ஷன் கிட்: கொடுத்த காசுக்கு உழைக்குமா?

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். ".45 தோட்டா விலை கட்டுப்படியாகவே இல்லை. ஒரு .22 கன்வர்ஷன் கிட் வாங்கிப் போட்டால் போட்ட காசு எத்தனை நாளில் திரும்பும்?" என்று கேட்டார். ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. ஏழு வருடங்களுக்கு முன்னால் நானும் இதே கேள்வியோடுதான் கிட் வாங்கினேன். அன்றைக்குப் போட்ட கணக்கு தப்பு. ஆனாலும் அந்தக் கிட்டை இன்றுவரை விற்கவில்லை. இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பிஸ்டலின் கீழ்ப்பாதி ஃபிரேம். கைப்பிடி, ட்ரிகர், ஹேமர் எல்லாம் அதில் இருக்கும். மேல்பாதி ஸ்லைடு (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் பகுதி), பேரல் (குழல்), ரீகாயில் ஸ்பிரிங். கன்வர்ஷன் கிட் என்றால் மேல்பாதியைக் கழற்றிவிட்டு, வேறு காலிபருக்கான (குழல் விட்டத்துக்கான; .45, .22 எல்லாம் அங்குலக் கணக்கு) மேல்பாதியை அதே ஃபிரேமில் மாட்டுவது. கூடவே தோட்டா நிரப்பும் மேகசின். கோல்ட் நிறுவனத்தின் .45 மாடலான 1911 மாதிரியான பிஸ்டலில் பழகிய கைக்கு இரண்டு நிமிட வேலை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் .45 தோட்டாவின் குண்டு ஏறக்குறைய 15 கிராம். .22 லாங் ரைஃபிள் குண்டு 2.6 கிராம். வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால், .22 கொடுக்கும் உதை .45-இன் உதையில் ஐந்தில் ஒரு பங்குதான் தேறும். அவ்வளவு சின்ன உதையால் கனமான எஃகு ஸ்லைடைப் பின்னால் தள்ளி, வெற்றுக் கேஸை (தோட்டா உறையை) வெளியே வீசி, அடுத்த தோட்டாவை ஏற்ற முடியாது. கோல்ட் நிறுவனம் 1931-இல் ஏஸ் என்ற .22 பிஸ்டலைக் கொண்டுவந்தபோது ஸ்லைடின் எடையைக் குறைத்துத்தான் சமாளித்தார்கள். அப்புறம் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ் என்பவர் மிதக்கும் அறை ஒன்றை வடிவமைத்தார். தோட்டா உட்காரும் அறை தனித் துண்டாக இருக்கும். வெடிக்கும்போது வாயு அந்தத் துண்டையே பின்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் ஸ்லைடும் நகரும், கைக்கும் .45 சுடுவது போலக் கொஞ்சம் உதை கிடைக்கும். 1938-இல் வந்த கோல்டின் .45-லிருந்து .22-க்கு மாற்றும் யூனிட் இந்த அறையை வைத்துத்தான் வேலை செய்தது. சிறையில் இருந்த காலத்தில் துப்பாக்கி வடிவமைப்பைக் கையால் பழகிய மனிதர் வில்லியம்ஸ். இந்த ஒரு வேலைக்காகவே எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு.

இன்றைய கிட்கள் பெரும்பாலும் அலுமினிய ஸ்லைடோடு வருகின்றன. சிஇசட் 75 என்ற பிஸ்டலுக்கான காடெட் கிட் எஃகுதான், ஆனால் அதில் ஸ்லைடின் பின்பகுதி மட்டுமே நகரும். வழி எதுவாக இருந்தாலும் எல்லாம் அந்தச் சின்ன உதையோடு போடும் மல்லுக்கட்டு. கிட்களின் குறை நிறை எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன.

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். ஒரு சாதாரண .22 தோட்டாவின் விலையை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். .45 தோட்டா 5 என்று வைப்போம். கிட் 6,000. இவை விளக்குவதற்காக நான் வைத்த எண்கள், உங்கள் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். ஒரு ரவுண்டுக்கு 4 மிச்சம். 1,500 ரவுண்டில் கிட் விலை வந்துவிடும். நான் அன்றைக்குப் போட்ட கணக்கு இவ்வளவுதான்.

நான் சேர்க்காமல் விட்டவை பிறகு வந்தன. கிட்டோடு ஒரு மேகசின்தான் வந்தது. ரேஞ்சில் ஒரே மேகசினை நிரப்பி நிரப்பிச் சுடுவது பாதி நேரத்தைத் தின்றுவிடும், அதனால் இன்னும் இரண்டு வாங்கினேன். கிட் விலை 7,000 ஆயிற்று. அடுத்தது தோட்டா. மலிவு விலையில் மொத்தமாகக் கிடைக்கும் பெட்டி என் கிட்டுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. செம்பு பூசிய 40 கிரெயின் (அதே 2.6 கிராம்) ஹை வெலாசிட்டி, அதாவது அதிவேகத் தோட்டாதான் கேட்டது. அது 1.5. ஆக மிச்சம் 3.5. 2,000 ரவுண்டு சுட்டால்தான் அசல் திரும்பும். மாதம் 100 ரவுண்டு சுடுகிறவருக்கு இருபது மாதம். 500 சுடுகிறவருக்கு நாலு மாதம்.

இதுவும் முழுக் கணக்கு இல்லை. முன்பு மாதம் 100 ரவுண்டு .45 சுட்டேன், செலவு 500. கிட் வந்த பிறகு 300 ரவுண்டு .22-உம், கை மறக்காமல் இருக்க 50 ரவுண்டு .45-உம் சுட்டேன். 450-உம் 250-உம் சேர்ந்தால் 700. செலவு ஏறிவிட்டது! தோட்டா மலிவானால் யாரும் அதே எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்வதில்லை. கிட் வாங்கிய பிறகு மொத்தச் செலவு குறைந்தது என்று சொன்ன ஒரு ஆளைக்கூட நான் இன்னும் சந்திக்கவில்லை.

விலையை விடுங்கள், கிடைக்கவே கிடைக்காமல் போவதும் உண்டு. 2013-இல் அமெரிக்காவில் .22 தோட்டா கடைத் தட்டுகளிலிருந்து காணாமல் போனது. 9 மி.மீ. கிடைத்த இடங்களில்கூட .22 கிடைக்கவில்லை. .22 என்றைக்கும் மலிவாக, தாராளமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கிட் வாங்கியவர்கள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

மலிவுப் பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை என்றேன் அல்லவா, அந்த முதல் நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் 40 ரவுண்டு வெண்ணெயாக ஓடியது. 41-ஆவது ரவுண்டில் வெற்றுக் கேஸ் வெளியே விழாமல், ஸ்லைடு இடுக்கில் புகைபோக்கி மாதிரி நின்றுகொண்டது. மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, உதறி, மறுபடி ஆரம்பித்தேன். மூன்று ரவுண்டில் மறுபடி அதே கதை. விரலால் அறையின் வாயைத் தொட்டுப் பார்த்தால் மெழுகும் ஈயமும் கரியும் கலந்து பசை மாதிரி ஒட்டியது. .22 குண்டு வெளிப்புறமாக மசகு பூசப்பட்டது, சுடச் சுட அந்த அழுக்கு அறையிலும் கேஸை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியிலும் படியும். பெரிய தோட்டாவின் உதைக்கு இந்த அழுக்கெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஐந்தில் ஒரு பங்கு உதைக்கு இதுவே மலை. இப்போது 150 ரவுண்டுக்கு ஒருமுறை ஒரு சின்ன பிரஷ்ஷால் அறையையும் எக்ஸ்ட்ராக்டரையும் துடைத்துவிடுகிறேன். அடைப்பு அநேகமாக நின்றுவிட்டது.

இன்னொரு சங்கடம். சில கிட்களில் கடைசி ரவுண்டு போனதும் ஸ்லைடு திறந்து நிற்காது. தோட்டா இல்லாமலே ட்ரிகரை இழுப்பீர்கள். .22 ரிம்ஃபயர் தோட்டா. ஃபயரிங் பின் அடிப்பது விளிம்பில். அங்கே தோட்டா இல்லாவிட்டால் சில துப்பாக்கிகளில் பின் நேராக அறையின் விளிம்பைக் கொத்தும். நாளடைவில் அங்கே ஒரு பள்ளம் விழும். கடைசி ரவுண்டு எது என்று எண்ணிக்கொண்டே சுட வேண்டும், இல்லையென்றால் ஸ்லைடு திறந்து நிற்கும் கிட்டாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இத்தனை குறை இருந்தும் ஏன் விற்கவில்லை? கிட் வாங்கி ஒரு மாதம் இருக்கும். .22-இல் இலக்கில் என் குண்டுகள் விழும் வட்டம் அழகாகச் சுருங்கிவிட்டது. பத்து ரவுண்டும் உள்ளங்கை அளவுக்குள். அதே நாள், அதே ஃபிரேமில் .45 மேல்பாதியை மாட்டிச் சுட்டேன். எல்லாம் கீழே இடது பக்கம் சிதறியது. ரேஞ்சில் பயிற்சி தருகிற பெரியவர் ஒருவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, மேகசினைக் கொடுங்க" என்று வாங்கி, எனக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு டம்மி ரவுண்டுகளை (வெடிக்காத போலித் தோட்டாக்களை) சேர்த்து நிரப்பித் தந்தார். மூன்றாவது ரவுண்டு டம்மி. ட்ரிகரை இழுத்தேன், 'டிக்' என்ற சத்தம்தான் வந்தது. ஆனால் துப்பாக்கியின் மூக்கு ஒரு அங்குலம் கீழே குத்தியது. உதை வருவதற்கு முன்னாலேயே என் மணிக்கட்டு அதைத் தடுக்கப் பாய்ந்திருக்கிறது.

"பார்த்தீங்களா சார்?" என்றேன், பார்த்தது நானாக இருந்தும். "நான் பார்த்தது இருக்கட்டும், நீங்க பார்த்தீங்களே, அதுதான் வேணும்" என்றார். அப்புறம் .22 மேல்பாதியை மாட்டச் சொன்னார். ஐந்து ரவுண்டு .22. உடனே மாற்றி ஐந்து ரவுண்டு .45. மறுபடி .22. கை, பிடி, ட்ரிகர் எதுவும் மாறவில்லை. மாறியது சத்தமும் உதையும் மட்டும். அப்போதுதான் தப்பு எங்கே என்று எனக்கே புரிந்தது. ட்ரிகர் இழுப்பதில் கோளாறு இல்லை, உதையை எதிர்பார்த்துப் பயப்படுவதில்தான் கோளாறு. வேறு ஒரு .22 பிஸ்டலில் சுட்டிருந்தால், 'அந்த ட்ரிகர் லேசு, இந்த ட்ரிகர் கனம்' என்று சாக்குச் சொல்லியிருப்பேன். கிட்டில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. நான் கொடுத்த காசு எனக்கு அன்றைக்கே திரும்பிவிட்டது.

அமெரிக்காவின் புல்ஸ்ஐ என்ற குறி பார்த்துச் சுடும் பிஸ்டல் போட்டியில் 2700 என்ற முறையைப் பாருங்கள். .22-இல் 90 ரவுண்டு, சென்டர்ஃபயரில் (பின் நடுவில் அடிக்கும் தோட்டாவில்) 90, .45-இல் 90. மொத்தம் 270 ரவுண்டு, உச்சம் 2,700 புள்ளி. அங்கே 1911 ஃபிரேமில் .22 யூனிட் மாட்டிச் சுடுகிறவர்கள் உண்டு, மூன்று பகுதிக்கும் ஒரே பிடி, ஒரே ட்ரிகர் என்பதற்காக. ஜெர்மனியின் வால்தர் ஜிஎஸ்பி என்ற போட்டி பிஸ்டல் இதே யோசனையில் .22-க்கும் .32-க்கும் மாற்றிக்கொள்ளும்படி வந்தது. போட்டிக்காரர்கள் கிட்டுக்குக் காசு கொடுப்பது அந்த ஒரே ட்ரிகருக்குத்தான், தோட்டாவில் மிச்சம் பிடிப்பதற்கு இல்லை.

.22 கிட் கற்றுத் தராததும் உண்டு. உதையைத் தாங்கி, குறியை மறுபடி இலக்குக்குக் கொண்டுவந்து இரண்டாவது ரவுண்டைப் போடும் வேகம் இதில் வராது. .22-இல் வேகமாகச் சுட்டுவிட்டுக் கை தேறிவிட்டது என்று நினைப்பவர் .45-ஐ எடுத்ததும் திணறுவார். அதனால்தான் அந்த 50 ரவுண்டு .45-ஐ நான் எந்த மாதமும் விட்டதில்லை.

சரி, கிட் வாங்குவதா, தனி .22 பிஸ்டல் வாங்குவதா? நிதானமாகக் குறி பார்க்கப் பழக வேண்டும், வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லித்தர வேண்டும் என்றால் என் மனப்பூர்வமான யோசனை தனி பிஸ்டல்தான். 1949-இலிருந்து வந்துகொண்டிருக்கும் ரூகரின் .22 வரிசை, பிரௌனிங் பக் மார்க் போன்றவை .22-க்காகவே பிறந்தவை. எந்தத் தோட்டா போட்டாலும் அநேகமாக முகம் சுளிக்காமல் ஓடும். கிட் விலையோடு கொஞ்சம் சேர்த்தால் ஒன்று கிடைத்துவிடும், சில நேரம் அதுவும் வேண்டாம். 2020-இல் குளோக் நிறுவனத்தின் .22 பிஸ்டலான குளோக் 44 கடைக்கு வந்த பிறகு, குளோக் பிடியே வேண்டும் என்பவருக்கும் தனி .22 கிடைக்கிறது. ட்ரிகரைச் செதுக்கிச் சரிசெய்த ஒரு 1911 உங்களிடம் இருந்து, அதே ட்ரிகரில்தான் பழக வேண்டும் என்றால் மட்டும் கிட் பக்கம் போங்கள்.

சென்டர்ஃபயரிலிருந்து சென்டர்ஃபயருக்கு மாறுவது வேறு கதை. .40 பிஸ்டல் வைத்திருப்பவருக்கு 9 மி.மீ. பேரலும் மேகசினும் பல மாடல்களில் போதும். முழுக் கிட்டோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம், தோட்டாவிலும் மிச்சம். இதை நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். .40-லிருந்து .357 சிக் என்ற தோட்டாவுக்குப் பேரல் மட்டும் மாற்றினால் போதும், மேகசின்கூட அதே. ஆனால் .357 சிக் தோட்டா விலை கூடுதல் என்பதால் அது ஆசைக்குச் செய்வது. 9 மி.மீ. பிஸ்டலை .40 ஆக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியாது. .40 தோட்டாவின் அடிப்பகுதி 10.77 மி.மீ., 9-இன் அடிப்பகுதி 9.96 மி.மீ. தோட்டாவின் அடிப்பகுதி உட்காரும் ஸ்லைடின் முகமே 9-க்காகக் குடையப்பட்டிருக்கும்.

ஒரே ஃபிரேமில் இரண்டு காலிபர் என்றாலே ஒரு பழக்கத்தை விடக்கூடாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே தோட்டாப் பெட்டி. .40 பேரலில் 9 மி.மீ. தோட்டா தவறி ஏறினால் வெடிக்கவும் கூடும், கேஸ் கிழியும். மேல்பாதியைக் கழற்றும் முன் மேகசினை எடுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டும் பாருங்கள்.

சட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க மத்தியச் சட்டத்தின்படி 1911 மாதிரி பிஸ்டலில் ஃபிரேம்தான் துப்பாக்கி, மேல்பாதி வெறும் பாகம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பேரலும் ஸ்லைடும் கட்டுப்பாட்டுக்குள் வரும் முக்கியப் பாகங்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதம் என்றே வரையறுக்கிறது. உரிமத்தில் எழுதாமல் கிட் வாங்கிவிட்டுப் பிறகு ஓடாதீர்கள்.

நண்பரிடம் நேற்று மறுபடி பேசினேன். எதுவும் வாங்க வேண்டாம், முதலில் என் கிட்டில் 100 ரவுண்டு சுட்டுப் பாருங்கள், கூடவே உங்கள் .45-ஐயும் கொண்டு வாருங்கள் என்றேன். சனிக்கிழமை வருகிறார். செம்பு பூசிய .22 இரண்டு பெட்டியும் இரண்டு டம்மி ரவுண்டும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.