உள்ளே போகும், சுற்றும், ஆனால் ஓடாது

ஓடாது என்றால் உள்ளேயே போகக் கூடாதய்யா! என் ஆத்திரம் முழுக்க அதில்தான். பட டிஸ்க்கைத்தான் சொல்கிறேன். எந்த ரகமானாலும் வட்டம் அதே 12 சென்டிமீட்டர், நடுவில் அதே ஓட்டை, அதே பளபளப்பு. தட்டில் வைத்தால் சமர்த்தாக உட்காருகிறது, இழுத்துக்கொள்கிறது, 'ஸ்ஸ்ஸ்' என்று சுற்றுகிறது, வீடே டிவி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்காருகிறது, அப்புறம் 'இந்த டிஸ்க்கைப் படிக்க இயலாது' என்று ஒற்றை வரி. பெண் பார்க்க வந்து, சீயத்தைத் தின்று, காப்பியையும் குடித்துவிட்டு, 'ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்' என்று எழுந்து போகிற கூட்டம் மாதிரி. ஏன் இயலாது? கீறலா, தூசியா, வேறு ரகமா? மூச்சு விடாது.

முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு ஊருக்கு வந்த கூட்டம் சாப்பிட்டுவிட்டு வளவில் சாய்ந்திருந்த நேரம் பார்த்து ஆத்தா, "அந்தச் சாந்திப் படத்தைப் போடப்பா" என்றார்கள். 2007-இல் நடந்த அப்பச்சியின் அறுபதாம் சாந்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். உள்ளூர் வீடியோக்காரர் எடுத்தது ஒன்று இருக்கிறது, அதில் அப்பச்சி முகம் ரோஜாப்பூவுக்குள்ளிருந்து சுழன்று சுழன்று வரும், அதைப் பார்க்க முடியாது. அயித்தான் அமெரிக்காவிலிருந்து பெரிய கேமராவோடு வந்து எடுத்து, திரும்பிப் போய் டிஸ்க்கில் எழுதி அனுப்பியதுதான் நல்ல படம் என்று இத்தனை வருஷமாகப் பேச்சு. பேச்சு மட்டும்தான், பார்த்தவர் யாரும் இல்லை. அதற்காகவே காரைக்குடிக் கடையில் சொல்லி, மதுரையிலிருந்து ஒரு புளூ-ரே பிளேயர், டிவிடிக்கு அடுத்து வந்த ரகத்தை ஓட்டுகிற பெட்டி, வரவழைத்திருந்தேன். "எல்லா டிஸ்க்கும் ஓடும்ணே" என்றார் கடைக்காரர். பெட்டி மேலும் வரிசையாக ஏழெட்டு முத்திரை இருந்தது.

போட்டேன். படிக்க இயலாது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். படிக்க இயலாது. சித்தப்பா, வேட்டி நுனிதான் மெத்தென்று இருக்கும் என்று வாங்கி அவர் பங்குக்குத் துடைத்தார், வட்டமாகத் துடைத்தார், அப்படித் துடைக்கவே கூடாது என்று படித்த தம்பி ஒருவன் கத்தினான், உடனே அவனும் வாங்கி நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்தான். படிக்க இயலாது. சின்னத்தை திருப்பிப் போடச் சொன்னார்கள். போட்டேன்! எழுத்து இருக்கிற பக்கம் கீழே வைத்து ஒரு டிஸ்க்கைப் போடுகிற நிலைக்கு என்னைக் கொண்டுவந்தது இந்த உலகம். கூடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், வெயிலில் கொஞ்ச நேரம் காயவைத்தால் சரியாகும் என்றது. அப்பளமா அது? தட்டு வெளியே வர, உள்ளே போக, வெளியே வர, பிள்ளைகளுக்கு அதுவே படத்தைவிட நல்ல வேடிக்கையாகிவிட்டது.

கடைசியில் அயித்தானுக்கே போன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். நிதானமாகச் சொல்கிறார்: "அது எச்டி டிவிடி தம்பி. நீ வாங்கியது புளூ-ரே. அதில் எப்படி ஓடும்? சிவப்பு உறையில் போட்டு அனுப்பினேனே, பார்க்கவில்லையா?" சிவப்பு உறை! எச்டி டிவிடி என்றால் சிவப்பு, புளூ-ரே என்றால் நீலம், உறையைப் பார்த்து இனம் கண்டுகொள்ள வேண்டுமாம். அந்த உறையில் ஆத்தா ரேஷன் கார்டு வைத்திருக்கிறார்கள்.

டிவிடியின் இடத்தைப் பிடிக்க புளூ-ரேயும் எச்டி டிவிடியும் போட்ட சண்டைக் கதையைத் தேடிப் படித்ததில் கோபம் இரண்டு மடங்கானதுதான் மிச்சம். இரண்டிலும் ஒரே 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். படத்தைச் சுருக்கி வைக்கிற முறைகள்கூட ஒன்றேதான். ஆனால் புளூ-ரேயில் தகவல் மேல்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில், எச்டி டிவிடியில் 0.6 மில்லிமீட்டரில். ஓர் அடுக்குக்குப் புளூ-ரேயில் 25 ஜிபி, எச்டி டிவிடியில் 15. அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் என் அப்பச்சியின் சாந்தி மாட்டிக்கொண்டது! 2005-இல் இரண்டு தரப்பும் ஒன்றாகப் போகலாமா என்று உட்கார்ந்து பேசி, ஒத்துவராமல் எழுந்து போயிருக்கிறார்கள். 2006-இல் இரண்டும் கடைக்கு வந்தன. 2008 ஜனவரியில் வார்னர் என்ற பெரிய படக் கம்பெனி புளூ-ரே பக்கம் சாய்ந்தது, பிப்ரவரி 19-இல் எச்டி டிவிடிக்குத் தலைமை தாங்கிய தோஷிபா அதை மூட்டை கட்டியது. ஆக, அயித்தான் எழுதி அனுப்பிய மை காய்வதற்குள் ஆட்டம் முடிந்திருக்கிறது. இரண்டையும் ஓட்டுகிற பிளேயரும் 2007-இல் வந்ததாம், அதைப் போய் யார் வாங்கினார்கள்?

முந்தைய தலைமுறை வீடியோ கேசட் சண்டையில் ஒரு நாணயம் இருந்தது. பீட்டாமேக்ஸ் கேசட் சின்னது, விஎச்எஸ் பெரிசு. மாற்றிப் போட்டால் போகவே போகாது. அங்கேயே கதை முடிந்தது, துடைக்கிற வேலை இல்லை.

சரி, ஜெயித்தவராவது ஒழுங்கா? சித்தப்பா சிங்கப்பூரில் வாங்கிவந்த படத்தைப் போட்டால், டிஸ்க்குக்காக உலகத்தையே மண்டலம் மண்டலமாகப் பிரித்திருக்கிறார்களாம், அது 'ஏ' மண்டலம், நம் நாடு 'சி' மண்டலம், எனவே ஓடாது. காசு கொடுத்து வாங்கிய படத்துக்கு விசா. இந்த மண்டலப் பூட்டே இல்லாதது அந்த எச்டி டிவிடிதான், அதுதான் செத்தது. 2016-இல் 4கே புளூ-ரே என்று ஒன்று, அதையும் இந்தப் பெட்டியில் போட்டால் அதே ஒற்றை வரி. அதுவும் 12 சென்டிமீட்டர்தான், அதுவும் அழகாக உள்ளே போகும்.

இதற்கு நடுவில் பெரியண்ணன் மகன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "யூடியூப்ல போட்டிருக்கலாமே" என்றான். அவனை ஒன்றும் செய்யாமல் விட்டேன், படைப்பு வீடு.

அப்புறம்தான் ஆத்தாவுக்கு ஞாபகம் வந்தது, அயித்தான் அப்போதே ஒரு பிளேயரும் கொடுத்து அனுப்பினாராம். ரெண்டாங்கட்டு அறையில் பித்தளைப் பானைகளுக்குப் பின்னாலிருந்து எடுத்தோம். எச்டி டிவிடி என்று நெற்றியிலேயே எழுதியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டு பிளக்கை எடுத்தேன், "அதைச் சொருகாதே, அப்பவே சொருகிப் பார்த்தோம், புகை வந்தது" என்றார் சித்தப்பா. அமெரிக்க 120 வோல்ட் பெட்டியை நம்ம 230-இல் சொருகி, வந்த புகைக்குப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார் மனுஷன். இவ்வளவு நேரமும் என்னோடு சேர்ந்து டிஸ்க்கைத் துடைத்தவர் அவர்தான். சிரித்துவிட்டேன், வேறென்ன செய்ய?

எல்லாம் ஓடும் என்று எழுதியிருந்தால் எல்லாம் ஓட வேண்டும், இல்லையா? போகிற வழியில் திருச்சிப் பக்கம் ஒரு ஓட்டலில், வாசலில் ஆள் உயரப் பலகை, 'அசல் செட்டிநாடு'. கோழி கேட்டோம். இனிக்கிறது! சத்தியமாக இனிக்கிறது. கல்பாசியும் இல்லை, மராட்டி மொக்கும் இல்லை, மேலே முந்திரியை வேறு தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள்.