கொடி பிறந்த நாளில் ஒரு பேண்டு வாத்தியக் குழுவும் பிறந்தது

தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் எல்லாருக்கும் அடையாளமான வானவில் கொடியை இன்று தெரியாதவர்கள் குறைவு. சென்னையில் 2009 முதல் நடக்கும் வானவில் பேரணியிலும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். கில்பர்ட் பேக்கரும் நண்பர்களும் கையால் சாயம் தோய்த்துத் தைத்த அந்தக் கொடி முதலில் ஏறியது 1978 ஜூன் 25 அன்று, சான்பிரான்சிஸ்கோவில். அதே நாள் ஊர்வலத்தில் ஒரு பேண்டும் முதல்முறையாகத் தெருவில் இறங்கியது. அதைப் பற்றி நம்மிடையே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

சான்பிரான்சிஸ்கோ கே ஃப்ரீடம் டே மார்ச்சிங் பேண்ட் அண்ட் ட்வர்லிங் கோர் என்பது அதன் முழுப்பெயர்; தன்பாலீர்ப்பாளர் விடுதலை நாளின் அணிவகுப்பு பேண்டும் கம்பு சுழற்றும் குழுவும் என்று பொருள். தொடங்கியவர் ஜான் சிம்ஸ். கான்சாஸ் மாநிலத்துச் சிற்றூர்க்காரர், பள்ளியில் இசை சொல்லிக்கொடுத்தவர். அவர் பேண்டுக்கு ஆள் சேர்த்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1977 ஜூனில் மயாமியில், பாடகி அனிதா பிரையன்ட் நடத்திய பிரசாரத்தால், தன்பாலீர்ப்பாளர்களுக்குப் பாதுகாப்புத் தந்த உள்ளூர்ச் சட்டம் வாக்கெடுப்பில் ரத்தானது. அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் ஜான் பிரிக்ஸ் என்ற அரசியல்வாதி, இவர்கள் அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகவே இருக்கக் கூடாது என்று ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தார். பிள்ளைகளைக் கெடுத்துவிடுவார்களாம். அப்படிப்பட்ட நேரத்தில் ஓர் இசை ஆசிரியர், பள்ளியில் எதைச் சொல்லிக்கொடுத்தாரோ அதையே தெருவுக்குக் கொண்டுவருகிறார். இதைவிடக் கூர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை. அந்த நவம்பரில் சுமார் 58 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்து முன்மொழிவைத் தோற்கடித்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசியவர்களின் உழைப்புதான் அதில் பெரிது. ஆனால் பேசப் போனவர்களுக்குத் தெம்பு எங்கிருந்து வந்தது என்றும் யோசிக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்தது அந்த மரபில் வரும் கலர் கார்டு (color guard) என்ற கொடி அணி. பேண்டோடு சேர்ந்து கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றிக்கொண்டு போவார்களே, அவர்கள்தான். ராணுவத்தில் படைக் கொடியைக் காப்பவர்களிடமிருந்து வந்த கலை. அமெரிக்கப் பள்ளிகளில் கொடி சுழற்றுவது நாளடைவில் பெண்பிள்ளைகளின் வேலை என்றாகிவிட்டது. ஆசைப்பட்டுக் கம்பைக் கையில் எடுத்த பையன்கள் கேலிக்கு ஆளானார்கள். அந்த ஆசையை வளர்ந்த ஆண்கள், வேலை முடிந்த மாலைகளில், சம்பளம் எதுவும் இல்லாமல், ஊரறியச் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

வேலையும் லேசானது இல்லை. கிட்டத்தட்ட ஆறடிக் கம்பில் மெல்லிய துணி. கொஞ்சம் காற்றடித்தாலும் துணி கம்பிலேயே சுற்றிக்கொள்ளும். மரத் துப்பாக்கியை மேலே எறிந்தால் எத்தனை சுற்றுச் சுற்றி எந்தத் தாளத்தில் கைக்கு வர வேண்டும் என்பதுவரை கணக்கு உண்டு. எல்லார் கையிலும் ஒரே நேரத்தில் வந்து விழ வேண்டும். ஒருவர் தவறவிட்டால் தெரு முழுக்கத் தெரியும். இத்தனைக்கும் நடுவே கால் நடையை விடக் கூடாது, வரிசை கோணக் கூடாது.

பேரணி என்றால் கோரிக்கை வைக்க வேண்டும், ஆட்டமும் பாட்டும் எதற்கு என்று நம் பக்கத்திலேயே சிலர் கேட்கிறார்கள். நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பயிற்சி என்றால் வாராவாரம் ஒரே ஆட்கள் ஒரே இடத்தில் கூடுவது. சந்தா போடுவது, உடை தைப்பது, வராதவர் ஏன் வரவில்லை என்று விசாரிப்பது. கெட்ட காலம் வரும்போது அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும். அதே 1978 நவம்பர் 27 அன்று தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லியே சான்பிரான்சிஸ்கோ மாநகர மன்றத்துக்குத் தேர்வான ஹார்வி மில்க்கும் அந்நகர மேயர் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு மாநகராட்சிக் கட்டடத்தின் படிகளில் நின்று பாடியது சான்பிரான்சிஸ்கோ தன்பாலீர்ப்பு ஆண்களின் பாடகர் குழு. அதையும் சில வாரங்களுக்கு முன் தொடங்கியவர் சிம்ஸ்தான். அதுதான் அவர்கள் வெளியில் பாடிய முதல் நிகழ்ச்சி. அப்புறம் எய்ட்ஸ் வந்தது. 1984ல் சிம்ஸ் இறந்தபோது அவருக்கு 37 வயது. பேண்டை மற்றவர்கள் விடாமல் நடத்தினார்கள், இன்று அது அந்த நகரத்தின் அதிகாரப்பூர்வ பேண்டு.

மற்ற ஊர்களிலும் இப்படிக் குழுக்கள் வந்தன. 1982ல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தார்கள். 2009 ஜனவரியில் ஒபாமா பதவியேற்ற அன்று, வாஷிங்டன் அணிவகுப்பில் அந்தக் கூட்டமைப்பின் பேண்டும் நடந்தது. அதே அணிவகுப்பில் ராணுவப் பிரிவுகளும் போயின. தன்பாலீர்ப்பை வெளியில் சொன்ன சிப்பாயை வீட்டுக்கு அனுப்பும் சட்டம் அன்று அமலில் இருந்தது. அது நீங்க 2011 செப்டம்பர் வரை ஆனது.

பள்ளி பேண்டில் டிரம் அடித்தவர்கள், என்.சி.சி.யில் அணிவகுத்தவர்கள், ஊர்த் திருவிழாவில் சிலம்பம் சுற்றியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த ஜூன் மாதப் பேரணிக்கு முன் வாரம் ஒரு மாலை கூடிப் பயிற்சி எடுக்க விருப்பம் உள்ளவர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள். முன்பின் பழக்கம் இல்லாதவர்களும் வரலாம்.