அந்த 38 பேர்

கணக்கு சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் நான். கன்னியாகுமரி மாவட்டத்தில் நித்திரவிளைப் பக்கம் சாயங்கால டியூஷன். ‘கணிதம் கடவுளின் மொழி’ என்று சூரியகாந்திப் பூ படத்தோடு வாட்ஸப்பில் வருவதை எல்லாம் நண்பர்கள் எனக்குத்தான் அனுப்புகிறார்கள். எனக்கும் அந்த வியப்பு உண்டு. ஆனால் அங்கேயே நின்றுவிட எனக்கு மனசில்லை.

கன்னியாகுமரி காந்தி மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அஸ்தி வைக்கப்பட்டிருந்த இடத்தில் அக்டோபர் 2 நண்பகலில் வெயில் விழும்படி கூரையில் துளை விட்டுக் கட்டியிருக்கிறார்கள். வருகிற எல்லோரும் இதைக் கேட்டு வியக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். குமரி இருப்பது வடக்கே 8 பாகையில். அன்றைக்குச் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டி மூன்றரை பாகை தெற்கே போயிருக்கும். அப்படியானால் உச்சிவேளையில் அதன் உயரம் 78 பாகைக்குச் சற்று மேலே. சரி, தெற்கே போன சூரியன் திரும்பி வர வேண்டுமே? மார்ச் 11, 12 வாக்கில் அது மறுபடி இதே உயரத்துக்கு வருகிறது. கடிகாரத்தில் மட்டும் உச்சிவேளை இருபது நிமிடம் பிந்தும். ஆக அந்த ஒளிக்கு வருடத்தில் இரண்டு வாய்ப்பு. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடுகிறது. எனக்கு மண்டபம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

அப்புறம் தென்னை. எங்கள் விளையில், அதாவது தோப்பில், தேங்காய் வெட்ட 45 நாளுக்கு ஒருமுறை வருகிற அண்ணன் ஒருநாள் மேலேயிருந்து கூப்பிட்டார். “சாரே, இந்த மூடு இடப்பக்கமா சுத்தி ஏறுது, அது வலப்பக்கமா. பாத்திருக்கியளா?” மூடு என்று அவர் சொன்னது மரத்தை. நாற்பது வருடமாக அந்த மரங்களின் அடியில் நடக்கிறேன், பார்த்ததே இல்லை. மறுநாள் கைக்கு எட்டுகிற ஒரு இளந்தென்னையில் மட்டைகளின் அடியில் சுண்ணாம்பால் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போனோம். ஒவ்வொரு ஓலையும் முந்தின ஓலையிலிருந்து ஏறக்குறைய 137 பாகை தள்ளி நிற்கிறது. ஆறாவது ஓலை இரண்டு சுற்று சுற்றி வந்து முதல் ஓலையின் பக்கத்தில் நிற்கும். நேர் மேலே நிற்காது. அதனால்தான் கொண்டையில் ஐந்து புரியாக அந்த முறுக்கு தெரிகிறது.

ஓலைகள் 180 பாகையில் முளைத்தால் இரண்டே வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும். 120 என்றால் மூன்று வரிசை. கீழே இருப்பதற்கு வெயில் எங்கே கிடைக்கும்? இந்த 137 சொச்சம் எந்தச் சின்னப் பின்னத்துக்குள்ளும் அகப்படாத கோணம். மரத்துக்கு இதெல்லாம் தெரியாது. குருத்தில் எங்கே இடம் கிடக்கிறதோ அங்கே அடுத்தது முளைக்கிறது, அவ்வளவுதான். டி. ஏ. டேவிஸ் என்ற தாவரவியலாளர், கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற மரபியலாளரோடு பணியாற்றியவர், இடஞ்சுழி வலஞ்சுழித் தென்னைகளை வருடக்கணக்கில் எண்ணினார். இந்தச் சுழி தாய்மரத்திலிருந்து வருவதில்லை என்று 1962-இல் எழுதினார். இடஞ்சுழி மரத்தின் காயை நட்டாலும் இரண்டு வகையும்தான் வரும். பொறுமையாக எண்ணாமல் இதை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இந்த இடத்தில் வந்து, ‘பார்த்தீர்களா, தென்னைகூட வெயிலைப் பங்கிட்டுக்கொள்கிறது, மனிதன்தான்...’ என்று தொடங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. இயற்கையிடம் போய் அறம் கேட்கக் கூடாது. ஓலைக்கு வெயில் கொடுத்த அதே இயற்கைதான் ஒக்கிப் புயலையும் கொண்டுவந்தது.

கணக்கிலிருந்து அறத்துக்குப் போக வேறு வழி இருப்பதாக நினைக்கிறேன். x என்று ஒரு எழுத்து வைக்கிறோம். அதன் இடத்தில் யாரை வைத்தாலும் விதி நிற்க வேண்டும். எங்கள் பக்கம் வழித்தகராறு இல்லாத ஊர் உண்டா? பக்கத்து விளைக்காரர் ஆட்டோ வந்துபோக இரண்டடி கேட்டார். முடியாது என்றேன். ராத்திரி படுத்தபிறகுதான் யோசித்தேன், அந்த இரண்டடியை நான் கேட்டிருந்தால் நியாயம் என்றுதானே வாதாடியிருப்பேன்? ஆளை மாற்றினால் விடை மாறுகிறது என்றால் நான் போட்ட கணக்கு தப்பு. காலையில் போய்க் கல்லை நகர்த்தி வைத்தேன். சாதி, பணம், சொந்தம் என்று நம்மிடம் நடக்கிற அநியாயத்தில் பெரும்பகுதி இந்தச் சோதனையில் நிற்காது.

x-க்கு முன்னால் 1 இருக்கிறது, ஒவ்வொரு ஆளையும் ஒன்று என்று எண்ணுவது. அதைக் கற்றுத்தந்தவர்கள் கடற்கரைக்காரர்கள். 2017 நவம்பர் 30 காலை, தாழ்வு மண்டலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது புயலாகிவிட்டது. தூத்தூர் பக்கத்து மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிப்பவர்கள். கரையில் என்ன அறிவித்தாலும் அவர்கள் காதுக்குப் போகவில்லை. பிறகு வந்த நாட்களில் ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு எண் சொன்னது. நாளுக்கு நாள் அது மாறியது. முன்னால் ஒரு ‘சுமார்’ எப்போதும் இருந்தது. ஊர்களிலோ ஒவ்வொருவராகப் பெயர் எழுதினார்கள். ஆளின் பெயர், தகப்பன் பெயர், போன படகின் பெயர். ஒரு ஆள் திரும்பி வந்தால் ஒரு பெயரை அடித்தார்கள். அதைவிடச் சுத்தமான கணிதத்தை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

சில வருடம் கழித்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தோராய மதிப்பு நடத்திக்கொண்டிருந்தேன். ‘ஒரு திருவிழாவுக்கு 1,238 பேர் வந்தார்கள். அருகிலுள்ள நூறுக்கு மாற்றுக’ என்று போர்டில் எழுதி, 1,200 என்று விடையும் போட்டேன். கடற்கரை ஊரிலிருந்து வருகிற ஒரு பெண் பிள்ளை எழுந்து நின்று கேட்டாள்: “சார், அந்த 38 பேரு எங்க போனாங்க?”

யாரும் சிரிக்கவில்லை. பேர் என்பதை அழித்துவிட்டுத் தேங்காய் என்று எழுதினேன். இன்றுவரை என் வகுப்பில் தோராயக் கணக்கு தேங்காய்க்கும் மீட்டருக்கும் ரூபாய்க்கும்தான்.