மூடுபனியில் தலைக்கவச விளக்கு: ஒரு திருத்தம்
தலைக்கவச விளக்கில் லூமென் (வெளியாகும் ஒளியின் அளவு) கூடினால் மூடுபனியிலும் தொலைவு தெரியும், மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்று இந்த விளக்குகளைப் பற்றிய ஒரு குறிப்பில் எழுதியிருப்பது சரியன்று. தொட்டபெட்டாச் சரிவில் மேகம் இறங்கும் இரவுகளில், கண்ணுக்கு அருகிலிருந்து புறப்படும் ஒளி நீர்த்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்புவதால், வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட எதிரே வெண்திரைதான் தடிக்கும்; அதே விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்தால் பாதை துலங்குவதைக் கோத்தகிரியில் நானே பலமுறை கண்டிருக்கிறேன். பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதால், எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேபோலச் சிதறடிக்கும்; மஞ்சளும் விலக்கன்று. மங்கிய சிவப்பு ஒளியின் பயன் வேறு: இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும் கண்ணை அது அதிகம் கலைக்காது. துப்பாக்கியில் மாட்டிய விளக்கைக் கைவிளக்காகப் பயன்படுத்தலாம் என்று அதே குறிப்பில் உள்ள யோசனையைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். ஒளி செல்லும் இடமெல்லாம் குழல்முனையும் திரும்பும், அங்கே நிற்பவர் தேயிலைத் தோட்டத்திலிருந்து வீடு திரும்புபவராக இருக்கலாம்.