ஆமாம், அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது நான்தான்

கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு ஐரோப்பா வரும் சிநேகிதி ஒருத்தி தன் பயணப் பிளானைப் போட்டிருந்தாள். அதன் கீழே நான் எழுதிய கமெண்டைப் படமெடுத்து, பொறாமையில் எழுதியது என்கிறார்கள். முந்தாநாளிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை இனிமேல் பார்க்க ஆளில்லை என்று நினைக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து என் சின்ன மாமியாரே அனுப்பிவிட்டார், "இது நீயாம்மா?" என்று கேட்டு. நான்தான் சித்தி. "அட்வைஸ் அக்கா" என்று பட்டம் வேறு கொடுத்திருக்கிறார்கள். வாழ்க.

படத்தில் தெரிகிற வரைக்கும் நான் எழுதியது இதுதான்: "9 நாளில் 9 இடம் வேண்டாம்டி, சின்னது தாங்காது. 24-ம் தேதி மதியத்துக்கு மேல் நியூரம்பெர்க்கில் சந்தையே இருக்காது." இதில் பொறாமை எந்த வார்த்தையில் இருக்கிறது? பூதக்கண்ணாடி வைத்துத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

பிளானையும் எல்லோரும் பார்த்தீர்கள்தானே. பிராங்க்பர்ட், ஹைடல்பெர்க், ரோத்தன்பர்க், நியூரம்பெர்க், மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, சூரிச், கடைசியில் சுவிஸ் பனிமலை யுங்ஃப்ராவ். ஏழு வயதும் நாலு வயதுமாக இரண்டு பிள்ளைகள். அதில் ஒரு வரி, "வியன்னா டு சூரிச், ட்ரெயின், சீனரி." அந்த ஒரு வரி ஏறக்குறைய 8 மணி நேரம். டிசம்பரில் நாலே காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். மதியம் ஏறினால் சீனரி என்பது கண்ணாடியில் தெரிகிற உங்கள் முகம்தான்.

இங்கே ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் என்றால் ஊரே வெளியில் வந்து கொண்டாடும் என்று நம்மில் பலருக்கு நினைப்பு. நம் தீபாவளி மாதிரி தெருவெல்லாம் சத்தமாக இருக்கும் என்று. கிடையாது. தெருவில் இருக்கிற கொண்டாட்டமெல்லாம் அதற்கு முந்தைய நாலு வாரத்தில், கிறிஸ்துமஸ் சந்தைகளில். நியூரம்பெர்க் சந்தை 24-ம் தேதி மதியம் 2 மணிக்கு முடியும். மியூனிக் மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துச் சந்தையும் அப்படித்தான். கொலோன் கதீட்ரல் வாசலில் 23-ம் தேதியே கடையைக் கட்டிவிடுவார்கள். 24 மதியத்தோடு சூப்பர் மார்க்கெட்டும் மூடும். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. அடுத்த நாள் ஞாயிறாக இருந்தால் மூன்று நாள். அந்த நாட்களில் ஜெர்மன்காரர்கள் அவரவர் வீட்டுக்குள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். வெளியில் நடமாடுவது நாய் கூட்டிப்போகிறவர்களும் சுற்றுலா வந்த நம்மவர்களும்தான்.

இது எனக்கு எப்படித் தெரியும்? படித்துத் தெரிந்ததில்லை, பட்டுத் தெரிந்தது. 2013 டிசம்பர். நியூரம்பெர்க் பக்கத்து ஊரான எர்லாங்கனுக்குக் குடிவந்து நாலு மாதம், பெரியவனுக்கு நாலு வயது. 22-ம் தேதி மியூனிக், 23 சால்ஸ்பர்க், 24 திரும்பும் வழியில் நியூரம்பெர்க் என்று நானும் ஒரு எக்செல் ஷீட் போட்டேன், கலர் கலராக. மியூனிக்கில் கூட்டம் தேர்த்திருவிழா மாதிரி. எனக்கு விளக்குகள் தெரிந்தன. அவன் உயரத்துக்கு என்ன தெரியும்? கோட்டு முதுகுகள். உள்ளாடை, ஸ்வெட்டர், ஸ்னோசூட், அதன்மேல் மஃப்ளர் என்று அரைமணி நேரம் உடுத்தி வெளியே வந்தால் பத்தாவது நிமிடம், "அம்மா, உச்சா." கழிப்பறைக்கு 50 சென்ட் சில்லறை வேண்டும், என்னிடம் நோட்டுதான் இருந்தது. விரல் விறைத்து ஸ்னோசூட் ஜிப் பிடிபடவில்லை. மிச்சத்தைச் சொல்ல வேண்டாம்.

24-ம் தேதி மூன்று மணிக்கு நியூரம்பெர்க் சதுக்கத்தில் போய் நின்றோம். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட துணிக்கூரைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் பெட்டிகளை வேனில் அடுக்கிக்கொண்டிருந்தார். "சான்டா எங்கேம்மா?" என்றான். (இந்தப் பக்கத்தில் பரிசு கொண்டுவருவது சான்டாவே இல்லை, கிறிஸ்ட்கிண்ட் என்ற தேவதைக் குழந்தை. சந்தையைத் திறந்துவைக்க உள்ளூர்ப் பெண் ஒருத்தி அந்த வேடத்தில் பொன்னிற விக்கும் கிரீடமுமாகத் தேவாலய மாடத்தில் வந்து நிற்பாள். 2019-ல் அப்படி நின்ற பெனிக்னா முன்சியின் அப்பா டெல்லியில் பிறந்தவர். அதற்கும் இங்கே ஒரு கூட்டம் முகநூலில் விஷம் கக்கியது. அது தனிக்கதை.)

அன்றிரவு அவனுக்குக் காய்ச்சல். வீட்டில் அரை லிட்டர் பால், நாலு முட்டை, அவ்வளவுதான். எல்லாம் மூடியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. 116117 என்று ஒரு எண் இருக்கிறது, மருத்துவமனை அளவுக்குப் போக வேண்டாத காய்ச்சலுக்கு இரவிலும் விடுமுறையிலும் கூப்பிடுவதற்கு. அதுவும் அன்றைக்குத் தெரியாது. மருந்துக்கடைக் கதவில் அன்றிரவு முறைப்படி திறந்திருக்கும் கடை எது என்று ஒட்டியிருந்த காகிதத்தை மொபைல் வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துக் கண்டுபிடித்தேன். அந்தக் கடைக்காரம்மா கதவைத் திறக்கவில்லை. சின்ன ஜன்னல் வழியாக மருந்தைக் கொடுத்து, இரவுக் கட்டணம் இரண்டரை யூரோ சேர்த்து வாங்கிக்கொண்டார். குழந்தையை எங்கேயெல்லாம் கூட்டிப்போனீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

இப்போது வருவீர்கள். "ஸ்கூல் லீவு அப்பதானே விடுறாங்க?" நியாயம். அரையாண்டுத் தேர்வை நான் தள்ளிவைக்க முடியாது. அப்படியென்றால் ஆஸ்திரியா போங்கள். வியன்னா நகரமன்றச் சந்தை 26 வரை, சால்ஸ்பர்க் ஜனவரி 1 வரை, வியன்னாவிலேயே ஷோன்ப்ரூன் அரண்மனைச் சந்தை புத்தாண்டு தாண்டியும் இருக்கும். பக்கத்திலேயே 1752-ல் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, வருடத்தில் 365 நாளும் திறந்திருக்கும். ஒரே ஊர், ஒரே அறை, மதியம் ஒரு தூக்கம். இதைத்தான் சொல்கிறேன்.

"பசங்க அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க." ஆமாம், பண்ணிக்கொள்வார்கள். வேறு வழி? டிக்கெட் அவர்கள் கையிலா இருக்கிறது?

"இவ்வளவு செலவு பண்ணி ஒரே ஊரா?" பெரியவர்களுக்கு விசாக் கட்டணமே ஆளுக்கு 90 யூரோ, ஏழு வயதுக்காரனுக்கு 45. வலிக்கும், தெரியும். ஆனால் காசு கொடுத்தோம் என்பதற்காக நாலு வயதுக் குழந்தையை ஒன்பது ஹோட்டல் படுக்கையில் எழுப்பி எழுப்பித் தூக்கிக்கொண்டு ஓடினால் போட்ட காசு எழுந்து வருமா? யுங்ஃப்ராவில் 3,454 மீட்டர் உயரத்தில் பனியைப் பார்த்து அது என்ன பண்ணப்போகிறது? சால்ஸ்பர்க் ஆற்றங்கரையில் கால் அடி பனி விழுந்தாலே போதும் அதற்கு. ஒரு ஊர் போதும். திரும்பச் சொல்கிறேன், ஒரு ஊர் போதும்.

சாப்பாடு? உருளைக்கிழங்கு அடை கிடைக்கும், ஆப்பிள் கூழோடு. அடுத்த கேள்வி.

"அங்கேயே வீடு வச்சிருக்கிறவங்களுக்கு வாய் நீளும்." இதற்குத்தான் நூற்றுச்சொச்சம் சிரிப்பு எமோஜி. பத்தொன்பது வருட சிநேகிதியும் அதில் ஒன்று போட்டிருக்கிறாள். இங்கே வீடு வைத்திருப்பதால் என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டீர்களா? பன்னிரண்டு டிசம்பர் மாதங்கள் போய்விட்டன. 25-ம் தேதி காலையில் எங்கள் தெருவில் காக்கா கத்துவது மட்டும்தான் கேட்கும். ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறார்கள், ஆனால் பிளானில் எங்கள் ஊருக்கு ஒரு வரி இருந்ததே இல்லை. சரி, விடுங்கள். அது வேறு விஷயம்.

அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்தவர் யாராக இருந்தாலும், கத்தரித்த இடம் பிரமாதம். என் கமெண்டில் மூன்றாவது வரி ஒன்று இருந்தது: "24 ராத்திரி பசங்களைக் கூட்டிட்டு நேரா நம்ம வீட்டுக்கு வந்துடு, நியூரம்பெர்க்கிலிருந்து ட்ரெயினில் 20 நிமிஷம்தான், சாப்பாடு நான் பாத்துக்கறேன்."

அதை பிளான் போட்ட என் சிநேகிதி படித்தாளா என்று தெரியவில்லை. பிளான் மாறவில்லை என்று கேள்விப்பட்டேன். 24 இரவு ஒன்பது மணிக்கு நியூரம்பெர்க் ஹோட்டலில் இறங்குகிறார்களாம். உளுந்து நேற்றே வாங்கிவிட்டேன். மாவு அரைப்பதா வேண்டாமா என்பதை அவள் ஒரு மெசேஜ் போட்ட பிறகு பார்த்துக்கொள்கிறேன்.