டோல் கட்டிவிட்டு மேலேயே போங்கள்

வெளிநாட்டில் உள்ளேயே படுத்து, சமைத்துச் சாப்பிடுகிற கேரவன் வண்டியை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு சுற்றி வருகிறவர்கள் நம்ம வடசென்னையிலும் பெருகிவிட்டார்கள். பிள்ளை ஜெர்மனியில் வேலையில் இருப்பான், அல்லது மச்சான் அங்கே இருப்பார். கோடை லீவுக்குப் போய் இறங்கி, ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியா, இத்தாலி, பிரான்ஸ் என்று ஒரு சுற்று. நானும் அப்படிப் போய் வந்தவன் என்பதால் கொளத்தூர், திருவொற்றியூர் பக்கத்து ஆட்கள் விசாரிக்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அண்ணே, டோல் இல்லாத ரூட்டா ஒண்ணு சொல்லுங்க.”

சொல்ல மாட்டேன். மேப்பில் டோலைத் தவிர்க்கச் சொல்லும் அந்தப் பொத்தானை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள் என்றுதான் சொல்வேன். பணக்கணக்கும் நேரக்கணக்கும் பிறகு வருகிறேன். எனக்கு முதல் காரணம், நாம் எந்த ஊரில் வாழ்கிறோம் என்பது.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போகிற டிரெய்லர் வரிசை நின்றுவிட்டால் காசிமேடும் தண்டையார்பேட்டையும் என்ன ஆகும் என்று தெரியும். மணலி எம்.எஃப்.எல். சந்திப்பிலும் சாத்தாங்காட்டிலும் இரண்டு கன்டெய்னர் லாரிக்கு நடுவில் பைக்கில் போகிற அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நாம். வாசலில் கோலம் போட்டு முடிப்பதற்குள் அதன்மேல் கரித்தூள் படிகிற தெருக்கள் நம்முடையவை. அந்த லாரி ஓட்டுநர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு வேறு சாலை கிடையாது. ஆனால் பக்கத்திலேயே அகலமான ஒரு சாலை இருந்தும், சில யூரோவை மிச்சம் பிடிக்க மூன்றரை டன் வண்டியை இன்னொருவர் தெருவுக்குள் விடுகிற சுற்றுலாப் பயணி அந்த லாரிக்காரர் இல்லை. அதை நாம் செய்யலாமா?

இது என் கற்பனைப் பயம் இல்லை. ஜெர்மனி எல்லையைத் தாண்டியவுடன் ஆஸ்திரியாவில் குஃப்ஸ்டைன் என்று ஒரு சிற்றூர். ஆஸ்திரியாவின் விரைவுச்சாலையில் ஓட விக்னெட் என்கிற அனுமதி வாங்க வேண்டும். கார் அளவு வண்டிக்கு 10 நாளுக்கு 12, 13 யூரோ ஆகும். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் எல்லையிலேயே இறங்கி குஃப்ஸ்டைனுக்குள் புகுந்து போனார்கள். பனிக்காலச் சனிக்கிழமைகளில் ஊர்க்காரர்கள் சாலையைக் கடக்க முடியாத நிலை. கடைசியில் 2019 டிசம்பர் 15 முதல், எல்லையிலிருந்து குஃப்ஸ்டைன் தெற்கு வரைக்கும் விக்னெட்டே வேண்டாம் என்று சட்டம் திருத்தினார்கள். பிரெகென்ஸ் பக்கமும் சால்ஸ்பர்க் பக்கமும் அதே ஏற்பாடு. நாட்டின் வருமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் அந்த ஊர்களுக்கு மூச்சு வாங்கிக் கொடுக்க முடிந்தது.

அதே 2019 கோடையில், குஃப்ஸ்டைன் இருக்கிற டிரோல் மாநிலம் இன்னொன்றும் செய்தது. நெரிசலுக்குப் பயந்து விரைவுச்சாலையை விட்டு இறங்கி ஊர்ச்சாலைகளில் குறுக்கே ஓடுகிற வெளியூர் வண்டிகளை வார இறுதிகளில் மறித்துத் திரும்ப மேலேயே ஏற்றிவிட ஆரம்பித்தார்கள். அந்த ஊரில் தங்கப் போகிறவருக்குத் தடையில்லை. தாண்டிப் போக மட்டும் அந்த ஊரைப் பயன்படுத்துகிறவருக்குத்தான் தடை. எனக்கு இதைவிட நியாயமான விதி தெரியவில்லை. இப்படி ஒன்று எண்ணூர் சாலைக்கு வந்திருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

“டோலே ஒரு கொள்ளை, அதுக்கு நீ வக்காலத்து வாங்குறியா?” என்று சண்டைக்கு வரும் நண்பர்களும் உண்டு. சூரப்பட்டு, வானகரம் சாவடிகள் இரண்டும் ஒரே சென்னை பைபாஸில் இருக்கின்றன. 2008ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டு சாவடிகளுக்கு இடையில் 60 கிலோமீட்டர் இருக்க வேண்டும், நகர எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொது ஏற்பாடு. விதிவிலக்குகளைக் காட்டி இவை ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கோபம் சரியான கோபம், நானும் அதில் சேர்ந்தவன். ஆனால் வசூலிக்கிறவனோடு உள்ள சண்டையை, சாவடிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கிறவர் மேல் இறக்குவது சண்டையே இல்லை. ஸ்பெயினில் மக்கள் டோலை எடுக்கச் சொல்லி அரசோடு நேராகப் போராடினார்கள். டோல் சாலைக்குப் பக்கத்தில் ஓடிய இலவச நெடுஞ்சாலை முழுக்க லாரி, ஊருக்கு ஊர் விபத்து. சாலையை மறித்துக் கேட்டார்கள். 2020 தொடக்கத்தில் தாரகோனாவிலிருந்து அலிகாந்தே வரையும், 2021 ஆகஸ்ட் 31இல் கட்டலோனியாவிலும் ஏ.பி.7 சாலையின் டோல் போனது. இப்போது அந்தச் சாலையிலேயே நெரிசல் என்கிறார்கள். அது வேறு பிரச்சினை. ஊருக்குள் லாரி ஓடுவதைவிட அது மேல்.

சரி, பணத்துக்கு வருவோம். கேரவன் லிட்டருக்கு 9, 10 கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. பிரான்ஸில் கிராமச் சாலை என்றால் மணிக்கு 80, ஊருக்குள் 50 அல்லது 30, கிலோமீட்டருக்கு ஒரு ரவுண்டானா. ஒவ்வொன்றிலும் அந்த எடையை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். டீசல் அங்கே போகிறது, பிரேக் அங்கே தேய்கிறது. வண்டிக்குத் தினவாடகையாக நூறு யூரோவுக்கும் மேல் கொடுத்துவிட்டு, 15 யூரோ டோலுக்காக அரை நாளைத் தொலைப்பதை லாபம் என்று எந்தக் கணக்கில் எழுதுவது? பின் இருக்கையில் அம்மா உட்கார்ந்திருந்தால் அந்த அரை நாள் இன்னும் நீளம்.

டோலில் உண்மையாகவே மிச்சம் பிடிக்க நினைத்தால் அதற்கான இடம் சாலை இல்லை, வண்டியை வாடகைக்கு புக் செய்கிற மேசை. இரண்டு எண்களைக் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, மொத்த உயரம்.

எடை 3,500 கிலோவைத் தாண்டினால் உலகமே மாறிவிடும். ஆஸ்திரியாவில் விக்னெட் செல்லாது, கிலோமீட்டர் கணக்கில் கழிக்கிற ‘கோ பாக்ஸ்’ கருவி மாட்ட வேண்டும். சுவிட்சர்லாந்தில் விக்னெட்டுக்குப் பதில் கனரக வண்டிக்கான தனிக் கட்டணம். பிரான்ஸில் வேகமும் குறையும், டோல் வகுப்பும் ஏறும். லைசென்ஸும் கேள்விக்குள்ளாகும். நம்ம எல்.எம்.வி. கணக்கு 7,500 கிலோ வரை போகும், ஐரோப்பாவின் கார் லைசென்ஸான ‘பி’ பிரிவு 3,500 கிலோவோடு நின்றுவிடும். தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச பெர்மிட் வாங்கிக்கொண்டு போனாலும் இந்த எல்லை மாறாது. புத்தகத்தில் 3,500 என்று இருந்தால் மட்டும் போதாது. தொட்டி நிறையத் தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அரிசி, மளிகை, ஆறு பேர், பெட்டிகள் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். தண்ணீரைப் போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உயரம் பிரான்ஸில்தான் கடிக்கும். அங்கே எடை 3.5 டன்னுக்குள் இருந்து உயரம் 2 மீட்டருக்கும் 3 மீட்டருக்கும் இடையில் இருந்தால் இரண்டாம் வகுப்பு. 3 மீட்டரைத் தொட்டால் மூன்றாம் வகுப்பு, கட்டணம் சட்டென்று ஏறும். ஓட்டுநர் தலைக்கு மேல் படுக்கை வைத்த வண்டிகளில் பல அந்த 3 மீட்டரைத் தாண்டியவை. பிள்ளைகளுக்கு அந்த மேல்படுக்கை பிடிக்கும்தான், ஆனால் பிரான்ஸில் அதிக நாள் ஓடப் போகிறீர்கள் என்றால் தாழ்ந்த கூரை வண்டியை எடுங்கள். சாவடியில் இயந்திரமே உயரத்தை அளக்கிறது. தப்பாக மூன்றாம் வகுப்பு என்று காட்டினால் காசு போடுவதற்கு முன் உதவிப் பொத்தானை அழுத்திச் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்கள். இத்தாலியில் கணக்கே வேறு: அச்சு (ஆக்ஸில்) எத்தனை, முன் அச்சின் மேல் உயரம் 1.3 மீட்டரைத் தாண்டுகிறதா என்பதுதான். அங்கே இரண்டு அச்சு கேரவன் ‘பி’ வகுப்பு. காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வகை என்றால் அச்சு எண்ணிக்கை கூடிவிடும். சுவிட்சர்லாந்தில் அந்த இழுவை வண்டிக்கு இன்னொரு 40 ஃபிராங்க் விக்னெட்டும் வேண்டும்.

இத்தாலியின் ஜெனோவாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு அது வேற்றூராகவே தெரியவில்லை. துறைமுகம், கிரேன், மலைபோல் அடுக்கிய கன்டெய்னர், அதையொட்டியே குடியிருப்பு. ராயபுரம் பாலத்தின் மேல் நின்று பார்ப்பதுபோல இருந்தது. 2018 ஆகஸ்ட் 14இல் அங்கே மொராண்டி பாலம் இடிந்து 43 பேர் செத்தார்கள். புதுப் பாலம் 2020 ஆகஸ்டில்தான் திறந்தது. நடுவில் இருந்த அந்தக் காலத்தில் துறைமுக லாரிகளெல்லாம் நகரத்துத் தெருக்களில் இறங்கின. அங்கிருந்து பிரான்ஸ் எல்லைக்கு இரண்டு வழி. ஒன்று ஏ10, டோல் சாலை, சுரங்கம் முடிந்தால் பாலம், பாலம் முடிந்தால் சுரங்கம். இன்னொன்று பழைய ரோமானிய வழியின் பெயரைத் தாங்கிய ஆவுரேலியா, கடலை ஒட்டி ஒவ்வொரு ஊரின் வயிற்றுக்குள்ளும் நுழைந்து வெளியே வருவது. ஸ்கூட்டர்கள், வாசற்படிகள், பால்கனிகள், குழந்தைகள். “கடல் தெரியுமே, அதுல போலாமா?” என்றான் மச்சான். தாண்டிப் போக டோல் சாலை, கடல் பார்க்க ஒரே ஒரு ஊர் என்று முடிவு செய்தோம். ஒரு ஊரில் இறங்கி, வண்டியைக் கேரவன் முகாமில் நிறுத்தி, நடந்தே சுற்றி, இரவு தங்கினோம். அம்மா அந்த ஊர் மீன் சந்தையில் காசிமேட்டு விலையோடு ஒப்பிட்டுக்கொண்டே ஒரு காலையைக் கழித்தார்.

ஆகவே இலவசச் சாலைகளுக்கு நான் எதிரி இல்லை. பெரிய வண்டிகளுக்கென்றே போட்டு, காசு கேட்காத சாலைகளும் இருக்கின்றன. ஜெர்மனியில் நம்ம மாதிரி வண்டிக்கு டோலே இல்லை. பிரான்ஸின் பிரிட்டனி பகுதி முழுக்க இலவசம். கிளேர்மோன் ஃபெரானிலிருந்து பெசியே வரை 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிற ஏ75இல் மியோ பாலத்துக்கு மட்டும்தான் காசு. அந்த மியோ ஊர் ஒரு காலத்தில் கோடை நெரிசலுக்கே பேர்போனது. 2004 டிசம்பரில் 343 மீட்டர் உயரம்வரை எழுகிற அந்தப் பாலம் திறந்த பிறகுதான் தெற்கே போகிற கூட்டம் ஊரை விட்டு விலகியது. பாலத்தின் காசை மிச்சம் பிடிக்க மறுபடி கீழே இறங்குகிற கேரவன்கள் இருக்கின்றன. ஊரைப் பார்க்க இறங்குங்கள், தங்குங்கள், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் அந்தக் கடையிலேயே வாங்குங்கள். பிரெஞ்சுச் சிற்றூர்கள் பலவற்றில் ஊராட்சியே கேரவனுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அழைத்த வீட்டுக்குப் போகிற மரியாதையோடு போகலாம்.

கட்டுகிற விதத்தில் சில சங்கதிகள். நம்ம ஃபாஸ்டேக் பழக்கத்தில் பிரான்ஸில் ‘டி’ (t) என்று மட்டும் போட்ட தடத்திலோ, இத்தாலியில் மஞ்சள் தடத்திலோ நுழையாதீர்கள், அவை கருவி வைத்திருப்பவர்களுக்கு. நுழைந்துவிட்டால் ஒருபோதும் பின்னால் எடுக்காதீர்கள். அங்கே அது பெரிய குற்றம். உதவிப் பொத்தானை அழுத்துங்கள்; இத்தாலியில் சீட்டு வாங்கிக்கொண்டு 15 நாளுக்குள் கட்டலாம். அங்கே சாலையில் நுழையும்போது எடுத்த டிக்கெட்டைத் தொலைத்தால் மிகத் தூரத்து நுழைவாயிலிலிருந்து கணக்குப் போடுவார்கள். பிரான்ஸில் ஏ79, ஏ13, ஏ14 சாலைகளில் சாவடியே இல்லை, கேமரா படம் எடுக்கும், 72 மணி நேரத்துக்குள் நீங்களாகவே இணையத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம் வாடகைக் கம்பெனிக்குப் போய், அவர்கள் தங்கள் கூலியையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள். வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போதே எந்த விக்னெட் அந்த நம்பருக்கு ஏற்கெனவே இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். சுவிஸ் விக்னெட் ஆண்டுக்கு ஒன்றுதான், குறுகிய காலத்துக்குக் கிடையாது. ஆகவே முன்னால் எடுத்தவர் வாங்கியதே உங்களுக்கும் செல்லலாம்.

ஜூலையில் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று. ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்கு ஏறிப் போகிற பிரென்னர் கணவாய்க்கு விக்னெட் போக 12 யூரோ அளவில் தனி டோல் உண்டு. அந்தச் சாலையில் லூக் பாலத்தில் 2025 ஜனவரி முதல் பெரும்பாலான நாட்களில் ஒரு திசைக்கு ஒரே தடம்தான். சனிக்கிழமை அந்தப் பக்கம் போகாதீர்கள். வெள்ளி இரவை இன்ஸ்புரூக்குக்கு இந்தப் பக்கமே ஒரு முகாமில் கழித்து, சனி ஞாயிறு அங்கேயே இருந்து, செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஏறுங்கள். விக்னெட் 10 நாள் தாங்கும்.